காகிதம் கொடுத்த சாய் லுன்... அவருக்காகக் காகிதம் மடிக்க ஒரு பிள்ளை இல்லை!

சதுரமாக ஒரு சொரசொரப்பான தாள். நடுவில் தங்க நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ ரேக்கு ஒட்டியிருக்கும். அதைக் குழல் மாதிரி சுருட்டி, இரண்டு முனையையும் உள்பக்கமாக மடித்து, லேசாக அமுக்கிவிட்டால் சின்னதாக ஒரு தோணி கிடைக்கும். யுவான்பாவ் என்று பெயர். சீனாவில் ஒரு காலத்தில் நிஜமாகவே புழங்கிய தங்க, வெள்ளிக் கட்டிகளின் வடிவம் அது.

சீனக் குடும்பங்களில் ஒரு சாவு விழுந்தால், இரவெல்லாம் கண்விழித்து உட்கார்ந்திருப்பவர்கள் இதைத்தான் மடித்துக்கொண்டே இருப்பார்கள். பாட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே பேரன் பேத்திகள் மடிப்பார்கள். கை ஒரு பக்கம் ஓடும், கதை ஒரு பக்கம் ஓடும். மடித்ததை எல்லாம் கடைசியில் தீயில் போடுவார்கள். எரிந்து சாம்பலானது, இறந்தவர் கையில் பணமாகப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. ஏப்ரல் 4 அல்லது 5-ல் வரும் சிங்மிங் நாளிலும், அவர்களுடைய சந்திரக் காலண்டரின் ஏழாவது மாதத்திலும் இது மறுபடி நடக்கும். சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே புகைந்துகொண்டிருக்கும் அந்த இரும்புத் தொட்டிகளைத் தினமும் தாண்டித்தானே போகிறீர்கள்?

இந்தக் காகிதத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். சாய் லுன். ஸ்கூல் பொது அறிவுப் புத்தகத்தில் ஒரே வரியில் வந்துபோவாரே, அவரேதான். காகிதத்தைக் கண்டுபிடித்தவர், சீனா, கி.பி. 105. அவ்வளவுதான் நமக்குத் தெரியும். ஆனால் அவர் வாழ்க்கையைத் தோண்டினால், ஒரு விஞ்ஞானியின் கதையை விட ஒரு அரண்மனைக் க்ரைம் த்ரில்லர்தான் அதிகம் கிடைக்கிறது.

தெற்கிலிருந்து வந்த பையன்

இன்றைய ஹுனான் மாகாணத்தில் லெய்யாங் என்று ஓர் ஊர். தலைநகரான லுவோயாங்கிலிருந்து பார்த்தால், எங்கோ தெற்கில் கிடக்கும் ஊர். சாய் லுன் அங்கே பிறந்தவர். கி.பி. 75 வாக்கில் ஹான் பேரரசின் அரண்மனைக்குள் வேலைக்கு வந்தார். அண்ணகராக. அதாவது, ஆண்மை நீக்கப்பட்ட பிறகே அந்த வேலை. அந்தப்புரத்தில் நடமாட அந்தக் காலத்தில் அரசர் அனுமதித்தது இவர்களைத்தான்.

இதை வெறும் உடல் சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பார்க்க வேண்டாம். அன்றைய சீனாவில் ஒருவர் செத்த பிறகு அவருக்குப் படையல் வைப்பது அவருடைய வம்சத்தின் வேலை. பிள்ளை இல்லாவிட்டால் படையலும் இல்லை. அரண்மனை வாசலைத் தாண்டும்போதே, அந்தப் பையன் சாவுக்கு அப்புறமான தன் வாழ்க்கையையும் சேர்த்துத்தான் வெளியே விட்டுவிட்டு வந்தான்.

உள்ளே வந்தவருக்கு மூளை இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தது. சீக்கிரமே சின்னப் பதவி ஒன்றும் கிடைத்தது. அங்கேதான் வாழ்க்கையின் பெரிய கறை விழுந்தது.

ஒரு கடிதம், இரண்டு சாவு

அப்போதைய பேரரசர் ஜாங். பட்டத்து ராணி தோ. ராணிக்குப் பிள்ளை இல்லை. பேரரசரின் இன்னொரு துணைவியான சோங்குக்கு ஒரு மகன் இருந்தான். பெயர் லியூ சிங். பட்டத்து இளவரசனாகவும் அறிவித்துவிட்டார்கள். ராணிக்குத் தூக்கம் வருமா?

சோங்குக்கு ஒருமுறை உடம்பு முடியவில்லை. மருந்துக்காக ஒரு பொருளைக் கேட்டுத் தன் பிறந்த வீட்டுக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தில் இருந்த சொல்லைச் சிலர் முயல் என்கிறார்கள், சிலர் மூலிகை என்கிறார்கள். எதுவாக இருந்தாலும் கடிதம் ராணியின் ஆட்கள் கையில் சிக்கியது. பேரரசருக்கு எதிராகச் சூனியம் வைக்கத்தான் அந்தப் பொருள் என்று கதை கட்டினார்கள். விசாரிக்கும் பொறுப்பு வந்து சேர்ந்த இடம், சாய் லுன்.

அவர் என்ன செய்திருக்கலாம் என்று இப்போது ஏசி ரூமில் உட்கார்ந்து பேசுவது சுலபம். என்ன செய்தார் என்பது பதிவாகியிருக்கிறது. ராணி என்ன எதிர்பார்த்தாரோ, அதற்குத் தகுந்த மாதிரி வழக்கை முடித்துக்கொடுத்தார். கி.பி. 82-ல் லியூ சிங்கின் இளவரசப் பட்டம் பறிபோனது. சோங்கும், அதே அந்தப்புரத்தில் இருந்த அவருடைய சகோதரியும் விஷம் குடித்து இறந்தார்கள். தாயை இழந்த அந்தச் சின்னப் பையனை உயிரோடு விட்டுவைத்தார்கள். இதை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

லீவு நாளில் வயலுக்கு

கி.பி. 88-ல் ஜாங் இறந்து, ஹெ என்ற சிறுவன் பேரரசரானார். அதிகாரம் முழுக்கத் தோ குடும்பத்தின் கையில். சாய் லுன் அரசாங்க ஆலோசனைகளில் உட்காரும் அளவுக்கு உயர்ந்தார். நான்கே வருடத்தில் தோ குடும்பம் கவிழ்ந்தது. அவர்களோடு ஒட்டியிருந்த பலர் காணாமல் போனார்கள். சாய் லுன் மட்டும் அசையவில்லை! எப்படி என்று யோசித்தால், ஆளுக்கு இரண்டு முகம் இருந்தது புரிகிறது. ஒரு பக்கம் பழைய பாவம். இன்னொரு பக்கம், பேரரசர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்று தவறைச் சுட்டிக்காட்டும் நேர்மையான அதிகாரி என்ற பெயர். அவர் வரலாற்றை எழுதியவர்கள் இரண்டையும் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அதே பதிவில் ஒரு விசித்திரமான தகவலும் இருக்கிறது. விடுமுறை நாளில் சாய் லுன் கதவைச் சாத்திக்கொள்வாராம். யார் வந்தாலும் பார்க்க மாட்டார். மேலாடையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெயிலில் வயல்வெளிப் பக்கம் போய்விடுவாராம். அரண்மனையில் உச்சத்தில் இருக்கும் ஒரு மனிதர், யாரும் பார்க்காத நேரத்தில் மண்ணைத் தேடிப் போகிறார். எனக்கு என்னவோ, காகிதத்தை விட இந்தக் காட்சியில்தான் அவர் மனுஷனாகத் தெரிகிறார்.

பிறகு அரண்மனைப் பட்டறைகளின் தலைவரானார். கி.பி. 97-ல் அவர் மேற்பார்வையில் செய்த வாள்களும் கருவிகளும் அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு மாதிரியாக நின்றன. கையால் செய்யும் வேலை அவருக்குப் பிடித்திருந்தது. கைவினைஞர்களோடு நிற்பதும்.

கந்தல், வலை, மரப்பட்டை

அப்போது எழுத இரண்டு வழிதான். ஒன்று, மூங்கில் பட்டைகளைக் கயிற்றால் கோத்துச் சுருட்டி வைப்பது. ஒரு புத்தகம் என்றால் ஒரு மூட்டை. இன்னொன்று பட்டுத் துணி. எடை இல்லை, ஆனால் விலை எகிறும். சாய் லுன் பட்டறையில் கையிலெடுத்தது வேறு சமாசாரம். மரப்பட்டை, சணல் நார்த் துண்டுகள், கந்தல் துணி, பிய்ந்துபோன மீன்வலை. பணம் கொடுத்து யாரும் வாங்காத பொருள்கள். அதையெல்லாம் ஊறவைத்து, இடித்து, கூழாக்கி, மெல்லிய பரப்பாக வடித்துக் காயவைத்தால் தாள். கி.பி. 105-ல் பேரரசர் ஹெயிடம் அதைச் சமர்ப்பித்தார்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். காகிதத்தை முதன்முதலில் கண்டுபிடித்தவர் இவர் இல்லை. 1986-ல் கான்சு மாகாணத்தின் ஃபாங்மாதானில், ஒரு கல்லறைக்குள் வரைபடம் தீட்டிய காகிதத் துண்டு கிடைத்தது. அது சாய் லுனுக்கு 200 வருடத்துக்கும் மேல் முந்தையது. அவ்வளவு ஏன், 102-ல் தெங் பட்டத்து ராணியானபோது, மாகாணங்கள் விலையுயர்ந்த பரிசெல்லாம் அனுப்ப வேண்டாம், காகிதமும் மையும் போதும் என்று சொல்லிவிட்டார். சாய் லுனின் தாள் சபைக்கு வருவதற்கு 3 வருடம் முன்பே! இவர் செய்தது, அங்கங்கே கிடந்த ஒரு கைவேலையை மலிவான பொருளில், எழுதுவதற்குத் தோதாக, எல்லோரும் செய்யக்கூடிய முறையாக மாற்றியது. ஜனங்கள் அதைச் சாய் பிரபுவின் காகிதம் என்றே கூப்பிட்டார்கள்.

காகிதப் பிரியையான அந்த ராணி தெங்தான் அடுத்த 15 வருடம் சாய் லுனின் கவசம். 106-ல் ஹெ இறந்தார். அடுத்துப் பட்டத்துக்கு வந்த கைக்குழந்தையும் அதே வருடம் இறந்தது. தெங் வேறொரு சிறுவனை அரியணையில் உட்காரவைத்துவிட்டு, தானே ஆட்சி செய்தார். அந்தச் சிறுவன்தான் பேரரசர் ஆன்.

ஆன் யார் தெரியுமா? லியூ சிங்கின் மகன். விஷம் குடித்துச் செத்த சோங்கின் பேரன்.

அந்த 15 வருடம் சாய் லுன் எப்படி இருந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். 114-ல் அவருக்குப் பிரபு பட்டம் கிடைக்கிறது. லோங்டிங் என்ற ஊரில் 300 வீடுகளின் வருமானம் மானியம். அரண்மனை நூலகத்தில் அறிஞர்கள் பழைய நூல்களை ஒப்பிட்டுத் திருத்தும் பெரிய வேலைக்கு மேற்பார்வை. வெளியே பார்த்தால் சக்சஸ் ஸ்டோரி. ஆனால் தினமும் அவர் வணங்கி எழும் அரியணையில், தன்னால் செத்த ஒரு பெண்ணின் பேரன் வளர்ந்துகொண்டிருக்கிறான்.

குளித்து, உடுத்தி...

121-ல் தெங் இறந்தார். ஆன் ஆட்சியைத் தன் கையில் எடுத்தார். பாட்டிக்கு இறந்த பிறகும் பேரரசி என்ற கௌரவம் கொடுத்தார். அடுத்து, 39 வருடம் தூங்கிய வழக்கு எழுந்தது. சாய் லுன் நீதித்துறையில் ஆஜராக வேண்டும் என்று உத்தரவு போனது.

அவர் போகவில்லை. வயதான காலத்தில் குற்றவாளியாகக் கூண்டில் நிற்கும் அவமானத்தை அவரால் தாங்க முடியவில்லை. குளித்தார். பதவிக்குரிய முழு உடையும் தலைப்பாகையும் அணிந்தார். விஷம் குடித்தார். சோங் சகோதரிகள் போன அதே வழி. கொடுத்த மானியத்தையும் அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. இன்று ஷான்சி மாகாணத்தின் யாங் வட்டாரத்தில், லோங்டிங்கில் அவர் கல்லறை இருக்கிறது.

அவர் செத்தபோது யாராவது காகிதம் எரித்திருப்பார்களா? வாய்ப்பில்லை. அந்த வழக்கமே அப்போது இல்லை. ஹான் காலத்தில் பிணத்தோடு நிஜக் காசையோ மண்ணில் செய்த காசையோ புதைப்பார்கள். நிஜக் காசைத் திருடர்கள் தோண்டி எடுப்பார்கள். காகிதம் மலிந்து, எல்லோர் கைக்கும் வந்த பிறகுதான் காகிதக் காசு வருகிறது. 8-ஆம் நூற்றாண்டில், டாங் பேரரசர் சுவான்சோங் காலத்தில், வாங் யூ என்ற அதிகாரி அரசுச் சடங்குகளிலேயே அதை எரிக்க ஆரம்பித்தார். பழமைவாதிகளுக்குச் செம கடுப்பு.

ஆனால் ஊர் வாயில் உலவும் கதை வேறு. சாய் லுனின் அண்ணன் சாய் மோ, அண்ணி ஹுயிநியாங் இருவரும் தொழிலை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு காகிதம் செய்தார்களாம். சொரசொர சரக்கு, ஒருத்தரும் வாங்கவில்லை. ஹுயிநியாங் ஒரு ஐடியா போட்டார். செத்தவர் மாதிரி சவப்பெட்டியில் படுத்துக்கொண்டார். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே காகிதத்தைக் கட்டுக்கட்டாக எரித்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து கதவைத் திற என்று சத்தம்! எழுந்து வந்த ஹுயிநியாங், எரித்த காகிதமெல்லாம் பாதாளத்தில் பணமாகி வந்தது, அதை லஞ்சமாகக் கொடுத்துத்தான் தப்பி வந்தேன் என்றாராம். ஸ்டாக் மொத்தமும் அன்றே காலி. காகிதம் எரிப்பவர்களே தங்கள் வழக்கத்தைக் கிண்டலடிக்கும் இப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே எரிக்கவும் செய்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

சிரிப்பைத் தாண்டிய இன்னொரு ஆச்சரியம் மேற்கே, ஷின்ஜியாங்கின் பாலைவனத்தில் இருக்கிறது. துர்ஃபானுக்குப் பக்கத்தில் அஸ்தானா என்ற பழைய இடுகாடு. அங்கே இறந்தவர்களுக்குக் காகிதத்தில் செருப்பு, தொப்பி, இடைவார் செய்து போட்டுப் புதைத்திருக்கிறார்கள். புதுக் காகிதத்துக்கு வசதியில்லாமல், அலுவலகம் கழித்துப்போட்ட தாள்களை வெட்டியே தைத்திருக்கிறார்கள். அந்த வறண்ட மண்ணில் எதுவும் மட்கவில்லை. ஆய்வாளர்கள் அந்தச் செருப்புகளைப் பிரித்து உள்ளே இருந்த எழுத்தை வாசித்தார்கள். கடன் பத்திரம், வழக்கு விவரம், குடும்பக் கணக்கு என ஒரு ஊரின் அன்றாடமே செருப்புக்குள் மடங்கிக் கிடந்தது.

இன்று காகித வீடு, காகித கார், காகித ஸ்மார்ட்போன் வரைக்கும் கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. மடித்துவைத்த யுவான்பாவ்கூடப் பையில் போட்டு விற்கிறார்கள். இருந்தாலும் பல வீடுகளில் தாளை வாங்கிவந்து தாங்களே மடிக்கிறார்கள். பெரும்பாலும் முன்னோர்களுக்கு வெள்ளி ரேக்கு, தெய்வங்களுக்குத் தங்க ரேக்கு.

பெற்ற பிள்ளை இல்லாத சாய் லுனைச் சீனாவின் காகிதத் தொழிலாளிகள் தங்கள் தொழிலின் மூதாதையாக வைத்துக்கொண்டார்கள். காகிதம் காய்ச்சும் ஊர்களில் அவருக்குக் கோயில் கட்டினார்கள். லெய்யாங்கிலும் லோங்டிங்கிலும் இன்றும் அவருக்கு நினைவிடம் உண்டு. கந்தலையும் மரப்பட்டையையும் இடித்துக் கூழாக்கிய அந்தத் தொழிலாளிகள், வேலை தொடங்கும் முன் ஊதுபத்தி ஏற்றி வணங்கியது அவரைத்தான்.