கடல் கடந்த மகன்

எனது நானா கட்டாரில் வேலை செய்கின்றார். சென்ற வருடம் புத்தளத்தில் எமது உம்மம்மா மௌத்தானபோது, நானாவுக்கு உடனே சொல்ல வேண்டாம் என்று வாப்பா தடுத்துவிட்டார். அந்நிய நாட்டில் தனியே இருக்கும் பிள்ளை தாங்கமாட்டான் என்று பயந்தார். நான்காம் நாள் செய்தி அறிந்த நானா, ஜனாஸா அடக்கப்பட்ட நேரத்தில் ஒரு துஆக் கேட்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்று கோபித்துக்கொண்டார். அந்நாட்களில்தான் பாடசாலை நூலகத்திலிருந்து மகாத்மா காந்தியின் சத்திய சோதனையை எடுத்து வாசித்தேன்.

காந்தி 1869 ஒக்டோபர் 2 ஆம் திகதி குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். பாடப் புத்தகங்களைத் தவிர வேறு எதையும் அதிகம் வாசிக்காத, கூச்ச சுபாவமுள்ள சிறுவன். ஒருநாள் தந்தை வாங்கி வைத்திருந்த ஒரு நாடக நூல் கையில் கிடைத்தது. கண் தெரியாத பெற்றோரைக் காவடியில் சுமந்து யாத்திரை சென்ற சிரவணனின் கதை அது. அதன்பின் அரிச்சந்திர நாடகத்தையும் பார்த்தார். நமது யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்து மயான காண்டமாக நடித்துப் புகழ்பெற்ற அதே கதைதான். அவ்விரு கதைகளும் அவர் மனதை விட்டு அகலவேயில்லை.

1888 இல் சட்டம் படிக்க இலண்டன் புறப்பட்டார். இறைச்சி, மது, பெண்கள் ஆகிய மூன்றையும் தொடுவதில்லை என்று தாய் புத்லிபாய்க்குச் சத்தியம் செய்து கொடுத்த பின்பே அனுமதி கிடைத்தது. அங்கு ஆரம்ப நாட்களில் உப்பும் உறைப்பும் இல்லாத உணவு வாய்க்குப் பிடிக்கவில்லை, அரைவயிற்றோடு இருந்தார். இரவுகளில் தாயை நினைத்து அழுதார். வாசிக்கும்போது, காவடி சுமந்த அந்த மகனே என் நினைவில் வந்து நின்றான். ஆயினும் காந்தி சத்தியத்தை மீறவில்லை. மரக்கறி உணவுச்சாலை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்தார்.

1891 ஜூன் மாதம் பாரிஸ்டராகி, தாயைக் காணும் ஆவலோடு பம்பாய்க்கு வந்து இறங்கினார். அப்போதுதான் தாய் முன்னமே இறந்துவிட்டதை அண்ணன் சொன்னார். தூர தேசத்தில் தம்பி துடித்துப் போவானே என்று மறைத்திருந்தார். தந்தையை இழந்ததைவிட அது பெரிய துயரமாக இருந்தும் காந்தி கண்ணீரை அடக்கிக்கொண்டார். அண்ணனைக் குற்றம் சொல்லவில்லை.

1893 இல் தாதா அப்துல்லா என்ற முஸ்லிம் வணிகரின் நிறுவனத்து வழக்குக்காகத் தென்னாபிரிக்கா சென்றார். 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட யாழ்ப்பாணம் வந்தபோது, மருதனார்மடம் இராமநாதன் கல்லூரி மாணவிகளிடமும் பேசினார். 1948 ஜனவரி 30 இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

உலகமே அறிந்த தலைவர் அவர். எனக்கோ, தாயைத் தேடி வந்து துறைமுகத்தில் நின்ற அந்த 21 வயது இளைஞனே மனதில் நிற்கின்றான். மறைத்தவரிடமும் அன்பு இருந்தது; அறியாமல் இருந்தவருக்கோ அழும் நேரம் இல்லாமற் போனது. அந்தப் பக்கத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். வாப்பா ஒன்றும் பேசவில்லை. இஷாத் தொழுதுவிட்டு வந்து, தாமாகவே நானாவுக்கு அழைப்பு எடுத்தார். அன்றிரவு இருவரும் வெகுநேரம் உம்மம்மாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.