முதல் நாள் வெற்றி; மறுநாள் வேலை போயிற்று!

1964-ம் ஆண்டு செப்டம்பர் 14-ந் தேதி, திங்கட்கிழமை.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இரும்புத் தொழிலுக்குப் பேர் போன ஊர் உல்வர்ஹாம்ப்டன். அந்த ஊரின் கால்பந்து கிளப் உல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ். "உல்வ்ஸ்" என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஓநாய்கள் என்று பொருள்.

சீசன் தொடங்கியதில் இருந்து உல்வ்ஸ் ஓர் ஆட்டத்தில் கூட ஜெயிக்கவில்லை. புள்ளிப் பட்டியலில் அடிமட்டத்தில் கிடந்தது. அன்று லண்டன் கிளப்பான வெஸ்ட் ஹாமை 4-3 என்ற கோல் கணக்கில் தோற்கடித்தது. அதுதான் முதல் வெற்றி. ரசிகர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

உடல் நலம் குன்றி, டாக்டர் சொற்படி ஓய்வில் இருந்துவிட்டு வந்திருந்தார் மானேஜர் ஸ்டான் கல்லிஸ். அவருக்கும் அன்று இரவு நல்ல தூக்கம் வந்திருக்கும்.

பொழுது விடிந்தது. கிளப்பின் டைரக்டர்கள் அவரை வேலையில் இருந்து நீக்கினார்கள்.

17 வயதில் அந்த கிளப்பில் சேர்ந்தவர் கல்லிஸ். 30 ஆண்டு சர்வீஸ்! அதில் 16 ஆண்டு மானேஜர் பதவி. 

பிழைக்கப் போன குடும்பம்

கல்லிஸ் பிறந்தது உல்வர்ஹாம்ப்டனில் அல்ல. 1916-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி, எல்ஸ்மியர் போர்ட் என்ற துறைமுக ஊரில் பிறந்தார்.

பெற்றோருக்குச் சொந்த ஊர் உல்வர்ஹாம்ப்டன். அங்கிருந்த நெளிதகடு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று 1905-ல் எல்ஸ்மியர் போர்ட்டுக்கு இடம் பெயர்ந்தது. தொழிற்சாலையோடு தொழிலாளர் குடும்பங்களும் மூட்டை முடிச்சுடன் கிளம்பின. போன இடத்தில் குடியேறினாலும், மனம் மட்டும் பழைய ஊரையே சுற்றிக் கொண்டிருந்தது. வெளியூரில் பிழைக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இது புதிதல்ல.

மகன் பந்து விளையாடினால் உல்வ்ஸ் கிளப்புக்குத்தான் விளையாட வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. 1934-ல் அது நிறைவேறியது.

பையன் கெட்டிக்காரன். பந்து பழகியது போக, இரவுப் பள்ளியில் பிரெஞ்சு மொழியும் எஸ்பெராண்டோவும் படித்தான். ஆட்டத்தில் அவனுக்கு சென்டர் ஹாப் இடம். தற்காப்பின் நடுத்தூண் போன்றது அது. 20 வயதுக்குள் காப்டன் ஆகிவிட்டான். 22-வது வயதில், 1939-ம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்து தேசிய அணிக்கே ஓர் ஆட்டத்தில் தலைமை தாங்கினான்.

பிறகு யுத்தம் வந்தது. ஆட்டக்காரரின் வாழ்வில் மிக நல்ல ஆண்டுகளை யுத்தம் விழுங்கிவிட்டது. ராணுவத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தார் கல்லிஸ்.

பிடித்து இழுக்காத கை

1947-ம் ஆண்டு மே 31-ந் தேதி. லிவர்பூல் கிளப்புடன் உல்வ்சுக்குக் கடைசி லீக் ஆட்டம். ஜெயித்தால் லீக் சாம்பியன் பட்டம். கல்லிசுக்கும் அதுவே கடைசி ஆட்டம். தலையில் பலமுறை அடிபட்டிருந்ததால், இனியும் கனத்த தோல் பந்தைத் தலையால் முட்டினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர்கள் எச்சரித்திருந்தார்கள்.

லிவர்பூல் ஆட்டக்காரர் ஆல்பர்ட் ஸ்டபின்ஸ் பந்துடன் கல்லிசைத் தாண்டி ஓடினார். கை நீட்டிச் சட்டையைப் பிடித்து இழுத்திருந்தால் கோல் விழுந்திராது. அந்தக் காலத்தில் அதற்கு ஒரு பிரீகிக்தான் தண்டனை. கல்லிஸ் இழுக்கவில்லை. கோல் விழுந்தது. லிவர்பூல் 2-1 என்று ஜெயித்தது. பட்டமும் லிவர்பூலுக்கே போயிற்று.

முறைகேடு செய்து பட்டம் வாங்கியவன் என்ற பெயருடன் விடைபெற அவருக்கு மனம் இல்லை. இத்தனைக்கும் அவர் சாந்த சொரூபி அல்ல. கடுங்கோபக்காரர். ஆட்டக்காரர்கள் அவர் குரலைக் கேட்டாலே நடுங்குவார்கள். ஆனால் கெட்ட வார்த்தை ஒன்று கூட அவர் வாயில் இருந்து வந்ததில்லை.

பொற்காலம்

1948-ல், 31 வயதில் மானேஜர் ஆனார். மறு ஆண்டே எப்.ஏ. கோப்பை கிடைத்தது. 1954, 1958, 1959 ஆகிய 3 ஆண்டுகளில் லீக் சாம்பியன் பட்டம். 1960-ல் மீண்டும் எப்.ஏ. கோப்பை. அந்த ஆண்டு லீக் பட்டம் ஒரே ஒரு புள்ளியில் கை நழுவிற்று.

1958 முதல் 1961 வரை 4 சீசன்களிலும் தொடர்ந்து 100 கோல்களுக்கு மேல் அடித்தது உல்வ்ஸ். பந்தைக் காலுக்குக் கால் தட்டிக் கொண்டிராமல், நீண்ட தூரம் உதைத்து எதிரியின் கோல் பக்கம் சீக்கிரம் கொண்டு போய்விட வேண்டும். இதுதான் கல்லிசின் பாணி.

அந்த நாட்களின் உச்சம் 1954-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி. ஹங்கேரியின் ஹான்வெட் கிளப், மின்னொளியில் ஆட உல்வர்ஹாம்ப்டனுக்கு வந்தது. புஷ்காஷ் உள்பட அந்த கிளப்பின் ஆட்டக்காரர்கள் பலர், இங்கிலாந்து தேசிய அணியை 6-3, 7-1 என்று இருமுறை புரட்டி எடுத்த ஹங்கேரி அணியில் ஆடியவர்கள்.

ஏற்கனவே மழையில் நனைந்திருந்த மைதானத்துக்கு மேலும் தண்ணீர் பாய்ச்சச் சொன்னார் கல்லிஸ். பையன்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சொன்னதைச் செய்தார்கள். ஹான்வெட் முதல் பாதியில் 2 கோல் அடித்தது. இரண்டாம் பாதியில் சேறு அதன் கால்களைப் பிடித்துக் கொண்டது. உல்வ்ஸ் 3 கோல் அடித்து ஜெயித்தது.

உலகத்திலேயே சிறந்த கிளப் இதுதான் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் கொண்டாடின. அதை ஏற்காத பிரெஞ்சுப் பத்திரிகையாளர் காப்ரியேல் ஆனோ, ஐரோப்பிய கிளப்புகள் எல்லாம் மோதும் ஒரு போட்டி வேண்டும் என்று எழுதினார். மறு ஆண்டு, 1955-ல், ஐரோப்பியக் கோப்பை பிறந்தது.

சரிவு

அதே ஐரோப்பியக் கோப்பையில்தான் சரிவின் முதல் அறிகுறி தெரிந்தது. 1960-ல் பார்சிலோனா கிளப், உல்வ்சை 4-0, 5-2 என்று இரண்டு ஆட்டங்களிலும் வென்றது. நீண்ட உதைப் பாணி அங்கே எடுபடவில்லை.

105 முறை இங்கிலாந்துக்கு ஆடிய பில்லி ரைட் 1959-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். 1961-ல், ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவுதான் சம்பளம் என்றிருந்த உச்ச வரம்பு நீங்கியது. பெரிய நகரத்து கிளப்புகள் பணத்தைக் கொட்டி ஆட்களை இழுக்க வழி பிறந்தது.

1962-ல் உல்வ்சுக்கு 18-வது இடம். 1963-ல் 5-வது இடத்துக்கு ஏறியது. 1964-ல் மறுபடி 16-வது இடம்.

முதல் டிவிஷனில் அப்போது 22 கிளப்புகள். சீசன் முடிவில் கடைசி 2 இடத்தில் நிற்பவை இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்படும். மானம் மட்டும் போவதில்லை. டிக்கெட் வசூல் குறையும். நல்ல ஆட்டக்காரர்கள் வேறு இடம் தேடுவார்கள். அந்த பயம் வந்துவிட்டால் டைரக்டர்களின் கண்ணுக்கு முதலில் தெரிவது மானேஜரின் நாற்காலிதான். 11 ஆட்டக்காரர்களை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஒரு மானேஜரை மாற்றலாம்.

கல்லிஸ் மீது தவறே இல்லை என்று சொல்ல முடியாது. காலம் மாறியதற்கு ஏற்ப அவர் பாணி மாறவில்லை. ஆனால் உடம்பு சரியில்லாமல் லீவில் இருந்து திரும்பிய மனிதரை, அணி ஜெயித்த மறுநாள் வெளியே அனுப்பினார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அடுத்த மானேஜர் யார் என்றாவது முடிவு செய்திருந்தார்களா? அதுவும் இல்லை. ஆண்டி பீட்டி வந்து பொறுப்பேற்க நவம்பர் ஆயிற்று.

நண்பரின் கடிதம்

செய்தி கேட்டுத் துடித்தவர்களில் ஒருவர் மான்செஸ்டர் யுனைடெட் மானேஜர் மாட் பஸ்பி. களத்தில் இருவரும் எதிரிகள், வெளியில் நண்பர்கள். ரத்தத்தைக் கொடுத்து வளர்த்த மனிதருக்கு இப்படிச் செய்ய எப்படி மனம் வந்தது, இவர் தந்ததை விடப் பெரிதாக இனி எதை அடையப் போகிறார்கள் என்று வேதனைப்பட்டுக் கல்லிசுக்குக் கடிதம் எழுதினார்.

பஸ்பிக்கு அதை எழுத உரிமை உண்டு. அவரும் அந்தப் பள்ளத்தின் விளிம்பு வரை போய் வந்தவர்.

1958 பிப்ரவரி 6-ந் தேதி, ஜெர்மனியின் மூனிக் நகரில் நடந்த விமான விபத்தில் யுனைடெட் ஆட்டக்காரர்கள் 8 பேர் உள்பட 23 பேர் மாண்டார்கள். இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை அவர்கள் ஆட வேண்டியிருந்தது உல்வ்சுடன்தான். சாவின் வாசலில் கிடந்து மீண்டார் பஸ்பி. திரும்பி வந்து புது அணி கட்டினார்.

அது எளிதாக இல்லை. 1963-ல் யுனைடெட் 19-வது இடத்துக்குச் சரிந்தது. இரண்டாம் டிவிஷனுக்குப் போகாமல் தப்பியது 3 புள்ளி வித்தியாசத்தில்! ஆனால் டைரக்டர்கள் பஸ்பியின் சீட்டைக் கிழிக்கவில்லை. மாறாக, அந்த சீசன் தொடக்கத்தில் டெனிஸ் லா என்ற ஆட்டக்காரரை வாங்க 1 லட்சத்து 15 ஆயிரம் பவுன் கொடுத்திருந்தார்கள். நாற்காலியை விட்டு வைப்பது மட்டும் விசுவாசம் ஆகாது. கேட்ட ஆளை வாங்கித் தந்ததும் சேர்ந்துதான் விசுவாசம்.

அதே 1963 மே மாதம் எப்.ஏ. கோப்பை வந்தது. 1965-ல் லீக் பட்டம். 1967-ல் மறுபடியும். 1968-ல் ஐரோப்பியக் கோப்பை.

உல்வ்ஸ்?

1965-ல், யுனைடெட் சாம்பியன் ஆன அதே சீசன் முடிவில், உல்வ்ஸ் 21-வது இடம் பிடித்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. 33 ஆண்டுகள் முதல் டிவிஷனில் இருந்த கிளப்! கல்லிஸ் இருந்திருந்தால் தப்பியிருக்குமா என்று கேட்டால் உறுதியாகப் பதில் சொல்ல முடியாது. அவரை நீக்கியதால் தப்பவில்லை என்பது மட்டும் உறுதி. புது மானேஜராலும் நிலைக்க முடியவில்லை. 1965 செப்டம்பரில் சவுதாம்ப்டன் கிளப்பிடம் 9-3 என்று தோற்றதும் பீட்டியும் விலகினார். 1967-ல்தான் உல்வ்ஸ் மேலே ஏறியது.

பக்கத்து ஊரில்

மனம் கசந்த கல்லிஸ், இனி கால்பந்தே வேண்டாம் என்று ஒதுங்கினார். ஓராண்டு சென்றது. 1965 டிசம்பரில் பக்கத்து ஊரான பர்மிங்காமின் கிளப், பர்மிங்காம் சிட்டி, அவரை அழைத்தது. உல்வ்சுடன் சேர்ந்து இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய மற்றொரு கிளப் அதுதான். 30 ஆண்டு உழைத்த கிளப்பை எதிர்த்து அணியை இறக்க வேண்டிய நிலைமை அவருக்கு வந்தது!

பர்மிங்காமை 1967-ல் லீக் கோப்பை அரை இறுதிக்கும், 1968-ல் எப்.ஏ. கோப்பை அரை இறுதிக்கும் கொண்டு போனார். முதல் டிவிஷனுக்கு ஏற்ற முடியவில்லை. 1970 மார்ச்சில் விலகினார். பிறகு எந்த கிளப்பிலும் பதவி ஏற்கவில்லை.

உல்வ்ஸ் அதன் பிறகு பட்ட பாடு தனிக் கதை. 1984, 1985, 1986 என்று 3 ஆண்டுகள் வரிசையாக இறங்கி நான்காம் டிவிஷனில் போய் விழுந்தது. அங்கிருந்து மெல்ல எழுந்த கிளப், 1992-ல் மோலினோ மைதானத்தில் கட்டிய புது ஸ்டாண்டுக்கு ஸ்டான் கல்லிசின் பெயரைச் சூட்டியது. வேலையில் இருந்து நீக்கி 28 ஆண்டு கழிந்திருந்தது. நல்ல வேளை, அதைப் பார்க்க அவர் உயிரோடு இருந்தார்.

2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி, 84-வது வயதில் கல்லிஸ் காலமானார். பிறகு மைதானத்துக்கு வெளியே அவருக்குச் சிலையும் வைத்தார்கள். அவருக்குப் பின் காப்டன் ஆன பில்லி ரைட்டின் சிலையும் அதே மைதானத்து வாசலில்தான் நிற்கிறது.