தாது வருஷப் பஞ்சம்: நிவாரணத்துக்காக அரசோடு மல்லுக்கட்டிய எடிட்டர்... யார் இந்த வில்லியம் டிக்பி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. இரண்டே வாரத்தில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் பெருவெள்ளம். இரண்டுக்கும் சேர்த்து தமிழக அரசு மத்திய அரசிடம் கேட்டது சுமார் 37,900 கோடி ரூபாய். சுப்ரீம் கோர்ட் வரை போன பிறகு, 2024 ஏப்ரலில் வந்தது 276 கோடி ரூபாய்.

இவ்வளவு கேட்டால் ஏன் இவ்வளவுதான் வருகிறது? யார் எந்தக் கணக்கை வைத்து முடிவு செய்கிறார்கள்? இந்தச் சண்டை நேற்று தொடங்கியது இல்லை. சுமார் 150 வருஷத்துக்கு முன்பே சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் இதே சண்டை நடந்திருக்கிறது. அப்போது பிரச்னை வெள்ளம் இல்லை, பஞ்சம். அந்தச் சண்டையில் முக்கியமான ஆள், 28 வயசு பத்திரிகை ஆசிரியர் ஒருவர்.

தாது வருஷத்தில் என்ன நடந்தது?

1876-ல் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே பொய்த்தன. சென்னை மாகாணத்தில் அதிகம் அடிவாங்கிய மாவட்டங்களில் கோவையும் ஒன்று. இன்றைய காங்கேயம், தாராபுரம் பகுதிகள் எல்லாம் அன்று கோவை மாவட்டத்தில்தான் இருந்தன.

காங்கேயம் பக்கம் அப்போது கீழ்பவானி வாய்க்கால் கிடையாது. வானம் பார்த்த பூமி, கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதில் மேயும் மாடு... இதுதான் பிழைப்பு. மழை இல்லை என்றால் முதலில் புல் போகும், பிறகு மாடு போகும், கடைசியில் மனுஷனும் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான். 1871 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் 17 லட்சத்தைத் தாண்டி இருந்த கோவை மாவட்டம், 1881-ல் சுமார் 16.5 லட்சமாகக் குறைந்துபோனது.

டிக்பி யார்?

1849 மே 1-ம் தேதி இங்கிலாந்தின் விஸ்பீச் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 15 வயசிலேயே உள்ளூர் பத்திரிகை ஆபீஸில் தொழில் கற்கச் சேர்ந்தார். 1871-ல் கொழும்பு வந்து சிலோன் அப்சர்வர் பத்திரிகையில் துணை ஆசிரியர் ஆனார். சாப்பாட்டுப் பொருள் மீதான வரியை நீக்கணும் என்று அங்கே பிரசாரம் செய்தார். இறக்குமதி அரிசிக்கும் அந்த வரி உண்டு. தோட்டங்களில் வேலை பார்த்த தமிழ்த் தொழிலாளர்கள் சாப்பிட்டதும் அந்த அரிசியைத்தான்.

1877-ல் மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியராக சென்னைக்கு வந்தார். வந்த நேரம், பஞ்சம் உச்சத்தில் இருந்தது.

அரை கிலோகூட இல்லாத படி

சென்னை மாகாண அரசு தொடக்கத்திலேயே தானியம் வாங்கி வைத்தது. கல்கத்தாவில் இருந்த இந்திய அரசுக்கு அது பிடிக்கவில்லை. தானிய வியாபாரத்தில் அரசு தலையிடக் கூடாது, செலவைக் குறைக்கணும் என்பது வைஸ்ராய் லிட்டனின் நிலைப்பாடு. 1877 ஜனவரி 1-ம் தேதி டெல்லியில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பாரை ஆடம்பரமாக நடத்தியதும் இதே லிட்டன்தான்.

அவர் பஞ்சத்தைப் பார்வையிட அனுப்பிய அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள். இன்று மத்தியக் குழு வருகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். நிவாரண வேலை செய்யும் ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், அதோடு கொஞ்சம் சில்லறை போதும் என்று அவர் குறைத்துவிட்டார். நாள் முழுக்க மண் வெட்டுகிறவருக்கு இது எப்படிப் பத்தும் என்று மாகாண சுகாதார அதிகாரி கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில மாதம் கழித்து அரசு கொஞ்சம் இறங்கி வந்தது. இந்த மோதலை டிக்பி பின்னாளில் தன் புத்தகத்தில் விரிவாகப் பதிவு செய்தார்.

லண்டனுக்குப் போன கோரிக்கை

கல்கத்தா கொடுக்காவிட்டால் வேறு எங்கே கேட்பது? இங்கிலாந்து மக்களிடமே நேராகக் கேட்கலாம் என்று யோசனை சொன்னவர்களில் முக்கியமானவர் டிக்பி. 1877 ஆகஸ்டில் கவர்னர் பக்கிங்ஹாம் தலைமையில் சென்னையில் பொதுக்கூட்டம் நடந்தது. லண்டன் மேயருக்கு வேண்டுகோள் போனது. அவர் நிதி திரட்டத் தொடங்கினார். லிட்டனுக்கு முதலில் இதில் உடன்பாடு இல்லை.

ஆனாலும் பணம் குவிந்தது. லங்காஷயர் நெசவாலை ஊர்களும் தனியாக நிதி சேர்த்தன. மொத்தம் சுமார் 8,20,000 பவுண்டு. இதைப் பிரித்துக் கொடுக்க 120 உள்ளூர் கமிட்டிகள் வேலை செய்தன. நிர்வாகக் குழுவின் கௌரவச் செயலாளர் டிக்பி.

இங்கே ஒரு விஷயம் கவனிக்கணும். உயிரைக் காப்பாற்றும் அளவுக்குக் கஞ்சியும் கூலியும் கொடுப்பது அரசின் வேலையாக இருந்தது. இந்த நிதியில் இருந்து விதை வாங்கவும், மாடு வாங்கவும், வீட்டைச் சரி பண்ணவும் பணம் கொடுத்தார்கள். மழை வந்தாலும் உழவு மாடும் விதையும் இல்லாத விவசாயி என்ன செய்வார்? பஞ்சம் முடிந்த பிறகும் அவருக்குப் பஞ்சம்தானே.

அரசின் கணக்கை வைத்தே கேள்வி

1878-ல் டிக்பிக்கு அரசு சிஐஇ பட்டம் கொடுத்தது. அதே வருஷம் பஞ்சத்தைப் பற்றி இரண்டு தொகுதிகளில் அவர் புத்தகம் போட்டார். சாவு எண்ணிக்கை பற்றிய தகராறு இன்றும் முடியவில்லை. அரசுத் தரப்பு மதிப்பீடே 50 லட்சத்தைத் தாண்டியது. டிக்பியின் கணக்கு அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இங்கிலாந்து திரும்பிய பிறகும் அவர் விடவில்லை. 1889-ல் காங்கிரஸின் பிரிட்டிஷ் கமிட்டிக்குச் செயலாளர் ஆனார்; இந்தியா என்ற பத்திரிகையையும் நடத்தினார். நாடாளுமன்றத் தேர்தலில் இரண்டு முறை நின்று, இரண்டிலும் தோற்றார். இந்தியருக்குச் சராசரி ஆண்டு வருமானம் 30 ரூபாய் என்று வைஸ்ராய் கர்சன் சொன்னபோது, அரசு ஆவணங்களையே எடுத்துக் காட்டி அது 20 ரூபாய்க்கும் கீழ் என்று 1901-ல் பெரிய புத்தகமே எழுதினார். 1904 செப்டம்பர் 29-ம் தேதி, 55 வயசில் இறந்தார்.

இன்றைக்கு நமக்கு என்ன?

அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு 1880-ல் பஞ்ச கமிஷன் அறிக்கை வந்தது. அதிலிருந்து பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாகின. அரசு எப்போது, யாருக்கு, எவ்வளவு கொடுக்கணும் என்று எழுதி வைக்கும் வழக்கம் அங்கிருந்துதான் வருகிறது. டிக்பி காலத்தில் நன்கொடையாக வந்த மாட்டுக்கான பணமும் இன்று அரசு விதியிலேயே இருக்கிறது. 2022-26 பேரிடர் நிவாரண விதிப்படி பேரிடரில் கறவை மாடு இறந்தால் 37,500 ரூபாய், உழவு மாடு இறந்தால் 32,000 ரூபாய். காங்கேயம் காளை சந்தையில் என்ன விலை போனாலும் விதி இதுதான்.

விதிப்படி உள்ள இந்தத் தொகைக்கும் உண்மையான நஷ்டத்துக்கும் உள்ள தூரம்தான், கேட்ட தொகைக்கும் வந்த தொகைக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு ஒரு முக்கியக் காரணம். அந்தத் தொகைக்கும்கூட, விழுந்த வீடும் செத்த மாடும் முதலில் ஊர் அளவில் எடுக்கும் பட்டியலில் ஏறணும். அதில் பேர் விட்டுப்போனால் மேலே போகும் எந்தக் கணக்கிலும் அது வராது. வெள்ளம் வடிந்ததும் போட்டோ எடுத்து வைத்து, விஏஓவிடம் பதிவு செய்வது அதனால்தான் முக்கியம்.