முப்பத்தெட்டாவது கொசு

1895ஆம் ஆண்டில் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளரின் புதினம் ஒன்று இலண்டனில் வெளிவந்தது. அதன் நாயகன் ஓர் எந்திரத்தில் ஏறிக் காலத்தைக் கடந்து எதிர்காலத்துக்குச் செல்கிறான். அப்படியோர் எந்திரம் நம் கைக்குக் கிடைத்தால் நம்மில் பலர் பின்னோக்கியே செல்வோம். தவறவிட்ட ஒன்றைத் திரும்பப் பெறும் ஆசை யாருக்குத்தான் இல்லை?

அதே 1895இல், நாம் வாழும் இந்நகரின் செகந்திராபாத் பகுதியில், முப்பத்தெட்டு வயதுப் படை மருத்துவர் ஒருவர் கொசுக்களை அறுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். தவறவிட்ட ஆண்டுகள் அவருக்கும் பல இருந்தன. அவர் பெயர் ரொனால்டு ராஸ்.

ராஸ் 1857 மே 13 அன்று இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார். தந்தை படை அதிகாரி. எட்டு வயதில் மகனை இங்கிலாந்துக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெற்றோரின் பணிமாறுதலால் ஊர்விட்டு ஊர் வந்த உங்களுக்கு அந்தச் சிறுவனின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை. கவிஞராக விரும்பிய அவரை மருத்துவம் படிக்க வைத்தார் தந்தை. பாடத்தைவிட இசையிலும் கவிதையிலும் பொழுது கழிந்தது. தேவையான தேர்வுகளுள் ஒன்றில் தோற்றார். கப்பல் மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே மீண்டும் படித்து, இரண்டாம் முறையில் தேறினார். 1881இல் சென்னை மாகாணப் பணிக்கு வந்து சேர்ந்தார்.

1883இல் பெங்களூரில் அவர் தங்கிய வீட்டில் கொசுத்தொல்லை மிகுந்திருந்தது. சாளரத்தருகே இருந்த நீர்த்தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டு நீரைக் கவிழ்த்தார், கொசுக்கள் மறைந்தன. பின்னாளில் உலகுக்கே உரைக்கவிருந்த தீர்வு அன்றே அவர் கையில் இருந்தது. ஆயினும் கொசுவையும் மலேரியாவையும் இணைத்துப் பார்க்க அவருக்கு அப்போது தோன்றவில்லை. கெட்ட காற்றே அந்நோயைத் தருகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்கே அதுதான் பொருள்.

நோயாளியின் குருதியில் நுண்ணுயிரி உள்ளது என லாவரான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1880இலேயே கண்டறிந்திருந்தார். ராஸ் அதை நம்பவில்லை. மறுத்துக் கட்டுரைகளும் எழுதினார். 1894இல் இலண்டனில் பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவர் அந்நுண்ணுயிரியை நுண்ணோக்கியில் காட்டினார். அச்சில் ஏறிய தம் கருத்தைக் கைவிட்ட ராஸ், கொசுவே நோயைப் பரப்பக்கூடும் என்ற மான்சனின் ஊகத்தைச் சோதிக்கச் செகந்திராபாத்துக்கு வந்தார். அவர் வாழ்வில் நான் பெரிதாக மதிப்பது இம்மாற்றத்தையே.

முயற்சி எளிதில் கைகூடவில்லை. தொடங்கிய ஆண்டிலேயே காலரா தடுப்புப் பணிக்காகப் பெங்களூருக்கு அனுப்பப்பட்டார். 1897இல் உதகைப் பக்கம் சென்றபோது அவரையே மலேரியா பற்றியது. அவ்வாண்டு மீண்டும் செகந்திராபாத்துக்கு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஆனால் அதுவரை அவர் அறுத்தவை பெரும்பாலும் நோய் பரப்பாத இனக் கொசுக்கள். வெயிலோ கடுமை. பங்கா வீசினால் அறுத்த கொசு பறந்துவிடும் என்பதால் காற்றுமின்றி அமர்ந்திருந்தார். வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின; கண்ணருகு வில்லையும் விரிசல் கண்டிருந்தது.

ஆகஸ்டு நடுவில் உதவியாளர் கொண்டுவந்த புழுக்களிலிருந்து புள்ளிச் சிறகுகள் கொண்ட வேறு இனக் கொசுக்கள் வெளிவந்தன. ஹுசைன் கான் என்னும் நோயாளி தம்மைக் கடிக்க அவற்றுக்கு இடந்தந்தார்; கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலி. (கண்டுபிடிப்பின் வரலாற்றில் இவர் பெயரையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.) ஆகஸ்டு 20 அன்று எஞ்சியிருந்தவை இரண்டே கொசுக்கள். முப்பத்தெட்டாவது என்று எண்ணிட்ட கொசுவின் இரைப்பைச் சுவரில், அதுவரை எக்கொசுவிலும் காணாத வட்ட உயிரணுக்கள் தெரிந்தன. அவற்றினுள் மலேரியா நுண்ணுயிரிக்கே உரிய கருந்துகள்கள்! மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தார். அந்த உயிரணுக்கள் மேலும் பெரிதாக இருந்தன. நுண்ணுயிரி கொசுவுக்குள் வளர்கிறது என்பது உறுதியாயிற்று.

சில வாரங்களில் அவரை இராஜபுதனத்துக்கு மாற்றினார்கள். மறு ஆண்டு கல்கத்தாவில், கொசுக்கடி மூலம் பறவைகளுக்கு மலேரியா பரவுவதை மெய்ப்பித்தார். 1902இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆராய்ச்சியில் தம் பிழையைத் திருத்திக்கொள்ள முடிந்த ராஸ், ஒரு பகையைத் தீர்த்துக்கொள்ளவில்லை. மனிதரிடம் மலேரியா பரவும் வகையை ஆராய்ந்த இத்தாலியரான கிராசியோடு, யார் முதல்வர் என்னும் பூசலை நெடுங்காலம் வளர்த்தார். 1932 செப்டம்பர் 16 அன்று இலண்டனில் காலமானார்.

அவர் கண்டறிந்த நாளான ஆகஸ்டு 20 உலகக் கொசு நாளாக நினைக்கப்படுகிறது. அவர் ஆராய்ந்த கட்டடம் பேகம்பேட்டையில், பழைய விமான நிலையத்துக்கு அருகில், அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.