முற்றுப்பெறாத பாமாலை

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் தமிழ் மக்களாகிய நமக்கு அன்னமாச்சாரியார் அயலார் அல்லர். வேங்கடத்தின் அடிவாரத்தில் அவர் கீர்த்தனைகளைக் கேளாத நாள் அரிது. அப்பாடல்களில் மகிழும் நாம், அவர் பாடல் புனைந்த முறையையும் அறிந்து கொள்வது நலம் பயக்கும்.

1408ஆம் ஆண்டில், இராஜம்பேட்டைக்கு அருகிலுள்ள தாள்ளபாக்கம் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். இளமையிலேயே இல்லம் துறந்து திருமலை ஏறினார் என்பர். பின்னர் அகோபிலத்தில் சடகோப யதியிடம் வைணவ நூல்களைப் பயின்றார். ஆழ்வார்கள் தமிழில் பாடிப் பரவிய வேங்கடவனையே இவர் தெலுங்கில் பாடினார்.

பதினாறாம் அகவையில், 1424ஆம் ஆண்டில், பாடத் தொடங்கிய அவர், 1503இல் மறையும் வரை நிறுத்தவில்லை எனச் செப்பேடு கூறுகின்றது. அவர் பாடியவை 32,000 என்பது மரபு. எழுபத்தொன்பது ஆண்டுகளுக்கு அதனைப் பகிர்ந்து பார்ப்பின், நாள் ஒன்றுக்கு ஒரு பாடலுக்கும் மேலாகின்றது. பாடுபொருளோ பெரிதும் ஒன்றே: வேங்கடவனும் அலமேலுமங்கையும். தாலாட்டாகவும், நாட்டுப்புற மெட்டாகவும், தத்துவமாகவும், காதலாகவும் அதனையே மீண்டும் மீண்டும் புதுக்கினார். இன்று பாடிய பாடலே இறுதிச் சொல் என்று அவர் கருதியிருப்பின், நாளைய பாடல் பிறந்திராது.

அந்நோன்புக்குச் சோதனையும் நேர்ந்தது. சந்திரகிரியிலிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மன், தன்னையும் அவ்வாறு பாடுமாறு வேண்டினான் என்றும், மறுத்த புலவரை விலங்கிட்டுச் சிறைவைத்தான் என்றும் வரலாறு வழங்குகின்றது. சிறையிலும் அவர் இறைவனையே பாடினார் என்பர். அரசன் பின்னர்ப் பிழையுணர்ந்து அவரை விடுவித்தான்.

அவர் மறைந்த பின்னரும் பணி முடியவில்லை. மனைவி திம்மக்கா, சுபத்திரா கல்யாணம் இயற்றிய புலவர். மகன் பெரிய திருமலாச்சாரியார் தாமும் பாடல்கள் புனைந்ததோடு, தந்தையின் பாடல்களைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தார். பேரன் சின்னத் திருவேங்கடநாதர் பாட்டனாரின் வரலாற்றைச் செய்யுளில் வடித்தார். அச்செப்பேடுகள் திருமலைக் கோயிலின் உள்ளே ஒரு சிறு கருங்கல் அறையில் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவை வெளிச்சம் கண்டன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரியார், ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய அறிஞர்கள் அவற்றைப் படித்துப் பதிப்பித்தனர். கிடைத்தவை ஏறக்குறைய 12,000, எஞ்சியவை கிடைத்தில.

செப்பேடுகளில் இராகத்தின் பெயர் உண்டு. மெட்டைக் குறிக்கும் சுரக்குறிப்பு இல்லை. ஆகவே, நம் காலத்து இசைவாணர்கள் புதிதாக மெட்டமைக்க வேண்டியதாயிற்று. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடி நம் இல்லங்களுக்குக் கொணர்ந்த பாடல்களும் இவ்வாறு மெட்டுப் பெற்றவையே. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய பாடல், பிறர் கைபட்டு இன்றும் வளர்ந்து வருகின்றது!

இது நமக்கு உணர்த்துவது யாது? பள்ளி மலரில் கவிதை எழுதிய நம் இளைஞர் பலர், உத்தியோகம் கிடைத்ததும் பேனாவை மூடி விடுகின்றனர். ஓய்வு பெற்றபின் எழுதலாம் என்று முதியோர் தள்ளி வைக்கின்றனர். வீட்டில் தமிழ் பேசும் குழந்தைகளுள் தமிழ் எழுத அறியாதார் பலர். பிறந்த மண்ணை விட்டு வந்த குடும்பத்தில், எழுத்து நின்றால் ஒரு தலைமுறையில் மொழியும் நிற்கும். 32,000 பாடல்களை எவரும் நம்மிடம் கேட்கவில்லை. நாள்தோறும் நான்கு வரிகள் போதும். நன்றாக அமையாவிடினும் குற்றமில்லை. மறுநாள் திருத்திக் கொள்ளலாம். செப்பேடு வேண்டா, ஒரு குறிப்பேடு இல்லந்தோறும் இருக்கட்டும். எழுதியதைக் காப்பவரும் அவ்வில்லத்திலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டு மலருக்கு அவ்வேடுகளிலிருந்து சில பக்கங்களேனும் வந்து சேருமாக!