சுரங்கத்துக்கு விளக்குத் தந்த டேவி

இங்கிலாந்தின் வடபகுதியில் ஃபெல்லிங் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நிலக்கரிச் சுரங்கம்.

1812ஆம் ஆண்டு மே மாதம் 25ந் தேதி. பகல் பதினொன்றரை மணி இருக்கும். பூமிக்குள் இடி இடித்தது போல் ஒரு சத்தம் கேட்டது. சுரங்கத்தின் வாயிலிருந்து புகையும் கரித்தூளும் குபுகுபுவென்று கிளம்பின. ஊரே அலறிக்கொண்டு ஓடி வந்தது.

92 பேர் மாண்டார்கள். அவர்களில் சின்னஞ்சிறு பையன்களும் உண்டு.

உள்ளே தீ எரிந்தது. காற்றுப் போகாவிட்டால் அணைந்துவிடும் என்று சுரங்கத்தின் வாயையே அடைத்தார்கள். ஆறு வாரம் கழித்துத்தான் திறந்தார்கள். அதுவரை தாய்மார்களுக்குப் பிள்ளையின் உடலைப் பார்க்கக்கூடக் கொடுத்து வைக்கவில்லை.

விளக்கே எமன்

நிலக்கரிப் பாறையின் இடுக்குகளிலிருந்து ஒரு வாயு கசியும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோடு அது கலந்து நிற்கும்போது சுடர் பட்டால் போதும். வெடிதான்!

ஏரிக்கரைச் சேற்றிலும் இதே வாயு ஊறுகிறது. அங்கே தோன்றும் ஒளியைத்தான் கொள்ளிவாய்ப் பிசாசு என்று நம் பாட்டிமார் சொல்லிப் பயமுறுத்துவார்கள். அந்தப் பிசாசு யாரையும் கொன்றதில்லை. சுரங்கத்துப் பிசாசு கூட்டம் கூட்டமாகக் கொன்றது.

விளக்கு இல்லாமல் பூமிக்குள் எப்படி வேலை செய்வது? விளக்கு கொண்டு போனாலோ சாவு. சில சுரங்கங்களில் அழுகிய மீன் தோலின் மினுமினுப்பை வைத்துக்கொண்டு கரி வெட்டினார்களாம்!

ஃபெல்லிங்கில் ஜான் ஹாட்ஜ்சன் என்ற பாதிரியார் இருந்தார். அவர் இறந்தவர்களின் பெயர்களையும் வயதையும் எழுதிப் புத்தகமாக அச்சிட்டார். படித்தவர்கள் மனம் கலங்கியது. 1813ல் சந்தர்லாந்து நகரில், சுரங்க விபத்துகளைத் தடுக்க ஒரு சங்கம் பிறந்தது. அந்தச் சங்கத்தார் 1815ல் உதவி கேட்டது ஹம்ப்ரி டேவியிடம்.

மரச் சிற்பியின் மகன்

டேவி 1778ஆம் ஆண்டு டிசம்பர் 17ந் தேதி, கார்ன்வால் ஜில்லாவில் பென்சான்ஸ் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் மரத்தில் சிற்பம் செதுக்குகிறவர். அவர் 1794ல் கடனை வைத்துவிட்டு இறந்து போனார். ஐந்து குழந்தைகளில் மூத்தவர் டேவி. அடுத்த ஆண்டே ஓர் உள்ளூர் வைத்தியரிடம் மருந்து கலக்கப் பழகப் போனார். அங்கேதான் ரசாயனப் பைத்தியம் பிடித்தது.

1798ல் பிரிஸ்டல் நகரத்து வைத்திய நிலையம் ஒன்றில் வேலை கிடைத்தது. வாயுக்களைக் கொண்டு நோய் தீர்க்க முடியுமா என்று ஆராயும் இடம் அது. டேவி என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு வாயுவையும் தாமே முகர்ந்து பார்த்தார்! சிரிப்பூட்டும் வாயுவை முகர்ந்து ஆனந்தம் அடைந்தார். அது வலியை மறக்கச் செய்கிறது, ரண சிகிச்சைக்கு உதவும் என்று 1800லேயே எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதை ஒருவரும் கவனிக்கவில்லை. வேறொரு விஷ வாயுவை முகர்ந்து சாகக் கிடந்து பிழைத்தார்.

1801ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனுக்கு வந்தார். அவருடைய பிரசங்கத்தைக் கேட்கக் கூட்டம் திரண்டது. 1807ல் பொட்டாசியம், சோடியம் என்ற இரண்டு உலோகங்களைக் கண்டுபிடித்தார். 1812ல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டில் ஒரு ரசாயனம் வெடித்துக் கண்ணில் காயம் பட்டது. தம் உடம்பை இப்படிப் பாராட்டாதவர்தான் பிறர் உயிரைக் காக்கப் புறப்பட்டார்!

கம்பி வலை

1815 ஆகஸ்டில் டேவி சுரங்கப் பகுதிக்குப் போனார். அங்கே சுரங்க நிபுணர் ஜான் படலைக் கண்டு பேசினார். சுரங்க வாயுவை வரவழைத்து, லண்டனில் சோதனை செய்தார்.

மிகக் குறுகலான உலோகக் குழாய் வழியே நெருப்பு தாண்டிப் போவதில்லை என்பது தெரிந்தது. உலோகம் சூட்டை இழுத்துக்கொள்கிறது. தீ குளிர்ந்து அணைகிறது. குழாய்க்குப் பதில் கம்பி வலை போட்டால் என்ன? வலையின் ஒவ்வொரு கண்ணும் ஒரு குட்டிக் குழாய்தானே!

சுடரைச் சுற்றி, சதுர அங்குலத்துக்கு 784 கண்கள் கொண்ட வலையைப் பொருத்தினார். காற்று உள்ளே போனது. தீ வெளியே வரவில்லை. வாயு இருக்கும் இடத்தில் சுடர் நீண்டு நிறம் மாறி எச்சரிக்கை செய்தது.

1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் இறக்கிப் பார்த்தார்கள். வெற்றி!

பேடண்ட் வாங்குங்கள், ஆயிரக்கணக்கான பவுன் கிடைக்கும் என்று படல் சொல்லிப் பார்த்தார். டேவி மறுத்துவிட்டார். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார். சுரங்க முதலாளிகள் 1817ல் சுமார் 2500 பவுன் பெறுமான வெள்ளிப் பாத்திரங்களைப் பரிசளித்தார்கள்.

ஒரு குறை

இவ்வளவு பெரிய மனிதரிடம் ஒரு குறையும் இருந்தது. அதே 1815ல், கில்லிங்வொர்த் சுரங்கத்து இயந்திரத் தொழிலாளி ஒருவரும் ஒரு காப்பு விளக்கைச் செய்தார். பதினெட்டு வயதுக்குப் பிறகே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர் அவர். அவர்தான் பிற்காலத்தில் ரயில் எஞ்சினால் புகழ் பெற்ற ஜார்ஜ் ஸ்டீபன்சன். பள்ளி காணாத ஒருவன் தானாக இதைச் செய்திருக்க முடியாது என்று டேவி கடைசிவரை சாதித்தார். மரச் சிற்பியின் மகன் இப்படி நினைத்திருக்கக் கூடாது.

1820 முதல் 1827 வரை ராயல் சொசைட்டியின் தலைவராக இருந்தார். பிறகு உடல் நலிந்தது. 1829 மே 29ல் ஜெனீவா நகரில், ஐம்பதாவது வயதில் இறந்தார்.

விளக்கு வந்த பிறகு

சுரங்கச் சாவு நின்றுவிட்டதா? 1835ல் பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று கணக்கெடுத்தது. அந்த வட்டாரத்தில் விளக்கு வருவதற்கு முந்திய 18 ஆண்டுகளில் இறந்தவர்கள் 447 பேர். வந்த பிறகு 18 ஆண்டுகளில் 538 பேர்!

விளக்கின் மேல் குற்றம் இல்லை. வாயு மிகுதி என்று கைவிட்ட சுரங்கங்களுக்குள் எல்லாம், விளக்கு இருக்கிறதே என்று ஆட்களை இறக்கினார்கள். முன்னைவிட ஆழமாக வெட்டினார்கள். காற்றோட்டத்துக்குச் செலவு செய்ய வேண்டிய முதலாளிகள் கையைக் கட்டிக்கொண்டார்கள். வலை கிழிந்தால் ஆபத்து. பலத்த காற்று அடித்தாலும் சுடர் வலையைத் தாண்டிவிடும். வலைக்குள் வெளிச்சமும் குறைவு. வெட்டிய கரிக்குத் தக்கபடிதான் கூலி. மங்கலில் எவ்வளவு வெட்ட முடியும்? வலையைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தவர்களும் உண்டு. அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

டேவி தம் பங்கைச் செய்துவிட்டார். சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்க சர்க்கார் இன்ஸ்பெக்டர்களை நியமிக்கும் சட்டம் வந்தது 1850ல். அப்போது டேவி இறந்து இருபத்தோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.