எழுத்தைத் தெளிவாக்கிய வீரமாமுனிவர்

இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டு பிறந்தவர் கான்ஸ்டன்ஸோ ஜோசப் பெஸ்கி. இயேசு சபைத் துறவியான இவர், சமயப் பணிக்காக 1711ஆம் ஆண்டு தமிழகம் வந்தார். அப்போது அவருக்கு முப்பது வயது. அந்த வயதில் தமிழை அரிச்சுவடியிலிருந்து கற்கத் தொடங்கினார். வீரமாமுனிவர் என நாம் அறிவது இவரைத்தான்.

அக்காலத்தில் பனையோலையில் எழுத்தாணியால் எழுதினர். எகர, ஒகரக் குறில்களுக்குப் புள்ளி இடவேண்டும். புள்ளி இல்லையெனில் அது நெடில். ஆனால், புள்ளி குத்தினால் ஓலையில் துளை விழும். ஆகவே, பெரும்பாலோர் புள்ளியே இடவில்லை. ‘எரி’யும் ‘ஏரி’யும் ஓலையில் ஒன்றுபோலவே தோன்றின.

சிக்கல் அதோடு நிற்கவில்லை. தமிழில் சில வினைச்சொற்களின் முதலெழுத்து நீண்டால் அவை பெயர்ச்சொற்களாகிவிடும். ‘பெறு’ வினை, ‘பேறு’ பெயர். ‘கெடு’, ‘கேடு’ ஆகியனவும் அவ்வாறே. இவ்வகைப் பெயரை முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பர். புள்ளியில்லாத ஓலையில் இருப்பது வினையா, பெயரா? தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் வாக்கியத்தைக் கொண்டு ஊகித்துக்கொள்வார். புதிதாகக் கற்பவர் திணறுவார். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளால் எழுதி, நிகழ்காலத்தில் ‘ரீட்’ என்றும் இறந்தகாலத்தில் ‘ரெட்’ என்றும் ஒலிக்கும் சொல்லிடம் காஜாங் மாணவர்கள் இன்றும் தடுமாறுவதுண்டு. மலாய்மொழியில் ‘பெராங்’ என்னும் சொல் போரையும் பழுப்பு நிறத்தையும் குறிக்கும். ஒலிப்பு வேறு, எழுத்து ஒன்றே.

வீரமாமுனிவர் அந்தப் புள்ளியை நீக்கினார். புள்ளியில்லாத எ, ஒ ஆகியவற்றைக் குறிலாக்கி, நெடிலுக்குத் தனி அடையாளம் தந்து ஏ, ஓ என எழுதினார். உயிர்மெய்யெழுத்துகளில் ஒற்றைக்கொம்பு குறிலுக்கும் இரட்டைக்கொம்பு நெடிலுக்கும் உரியதாயிற்று.

தேம்பாவணி பாடிய காப்பியப் புலவராகவே அவரைப் பலர் போற்றுகின்றனர். மொழி கற்பவருக்கு அதனினும் பெரிய கொடை, 1732ஆம் ஆண்டு அவர் தொகுத்த சதுரகராதி. அதற்குமுன் சொற்பொருள் அறிய உதவிய நிகண்டுகள் பெரும்பாலும் செய்யுள் வடிவில் இருந்தன. மனனம் செய்தவருக்கே அவை எளிதில் பயன்பட்டன. வீரமாமுனிவரோ சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். எழுத்துக்கூட்டத் தெரிந்த எவரும் சொல்லைத் தேடி எடுக்கலாம். குறிலும் நெடிலும் குழம்பிக் கிடந்தால் அகர வரிசை எப்படி நிற்கும்? எழுத்துச் சீர்திருத்தமும் அகராதியும் ஒன்றையொன்று தாங்கின.

வீரமாமுனிவர் 1747ஆம் ஆண்டு மறைந்தார். சதுரகராதி 1824ஆம் ஆண்டில்தான் முழுமையாக அச்சேறியது. அந்நூற்றாண்டில் அச்சு நூல்கள் பெருகப் பெருக, ஏகாரமும் ஓகாரமும் இன்றைய வடிவில் நிலைபெற்றன.